அண்ணியின் ஆட்சேபணை

என் மேசை இழுப்பறையில் நீல அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று இருக்கிறது. அதன் முப்பத்தொன்றாம் பக்கத்தை எப்போது திறந்தாலும் என் காது மடல் சூடாகிவிடும். பக்கத்தின் மேல்பாதியில் என் கையெழுத்தில் ஒரு தீர்மானம். அதன் கீழே ஆறு பேருடைய கையொப்பங்கள், நான்காவது என்னுடையது. அதற்கும் கீழே கோடு கிழித்து, 'ஆட்சேபணை' என்று தலைப்பிட்டு மூன்று வாக்கியங்கள். அந்த மூன்று வாக்கியங்களுக்கு அடியில் இத்தனை காலமும் ஒரே ஒரு கையொப்பம்தான் இருந்தது. அது என் அண்ணி போட்டது.

ஏதோ சொத்துத் தகராறு என்று நினைத்துவிடாதீர்கள். இது ஒரு சினிமா ரசிகர் மன்றத்தின் நடவடிக்கைக் குறிப்பேடு. எங்கள் ஊர் மலைமேல் இருக்கிற காவலூர். பக்கத்திலேயே பெரிய தொலைநோக்கி இருப்பதால், விண்வெளி சம்பந்தப்பட்ட எந்த விஷயத்திலும் தீர்ப்புச் சொல்ல எங்களுக்கு உரிமை உண்டு என்று எங்களில் பலருக்கு எண்ணம். அதற்குள் எட்டிப் பார்த்தவர்கள் உங்களில் யார் என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவோம். 'தூரத்து மண்' என்ற விண்கலப் படத்தின் முதல் பாகம் வந்தபோது, திருப்பத்தூர் போய் அதை மூன்று நான்கு முறை பார்த்துவிட்டு வந்தவர்கள் ஏழு பேர் சேர்ந்தோம். நடிகருக்கு மன்றம் வைத்த ஊர்கள் எத்தனையோ உண்டு. ஒரு படத்துக்கும் அதன் இயக்குநருக்கும் மன்றம் வைத்தவர்கள் நாங்கள்தான் என்று இன்றும் மார்தட்டிக்கொள்வேன். டூவீலர் மெக்கானிக்கான என் அண்ணன் தலைவர். அவனுடைய கூட்டாளிகள் மூன்று பேர். தொலைநோக்கி வளாகத்தில் தோட்டவேலை பார்த்த ஒருவர் எங்கள் விஞ்ஞான ஆலோசகர். கையெழுத்து நன்றாக இருந்ததால் குறிப்பெழுத அவன் தங்கை நான். செயலாளர், அண்ணி.

படத்தின் கதை எளிமையானது. விண்கலம் ஓட்டும் ஒரு பெண், ஒரு புதிய கோளைத் தேடிப் பூமியைவிட்டுப் போகிறாள். முதல் பாகத்தின் கடைசிக் காட்சியில், பின்னால் சிறுத்துக்கொண்டே போகும் பூமியைக் காட்டுகிற சின்னத் திரையைத் தன் கையாலேயே அணைத்துவிடுவாள். அரங்கமே மூச்சுவிடாமல் உட்கார்ந்திருக்கும். இயக்குநரும் அப்போது ஒரு பேட்டியில் உறுதியாகச் சொல்லியிருந்தார், இந்தக் கதையில் யாரும் வீடு திரும்பமாட்டார்கள் என்று. அண்ணன் அந்த வரியைத் தன் கடைச் சுவரில் சிவப்புப் பெயின்டால் எழுதிவைத்தான்.

அண்ணிக்குச் செங்கம் பக்கம். கல்யாணமாகி வந்த முதல் வருஷம், ஊர்ப் பால் சொசைட்டியில் வேலை கிடைத்தது. அண்ணன் போகக்கூடாது என்றான். அவர் பேசிப் பார்த்தார், இவன் அசையவில்லை. ஒருநாள் காலை பஸ்ஸுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு செங்கத்துக்குப் போய்விட்டார். இனி இந்த மலைக்கு வரவேமாட்டேன் என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் போனார். மூன்று மாதம். இவன் போய்க் கூப்பிடவில்லை, அவ்வளவு வீம்பு. பிறகு ஒரு திங்கள்கிழமை அதே பையோடு அவராகவே பஸ்ஸைவிட்டு இறங்கினார். "வேலைக்கும் போவேன், வூட்லயும் இருப்பேன். ரெண்டுக்கும் சேத்துதான் வந்திருக்கேன்" என்று வாசலிலேயே சொன்னார். ஊர் சும்மா இருக்குமா? போன ஜோரிலேயே வந்துவிட்டாளே என்று குழாயடியில் ஒரு வருஷம் பேசினார்கள். அண்ணி அந்தக் குழாயடி வழியாகவே தினமும் வேலைக்குப் போனார். (அண்ணனை அவன் என்றும் அண்ணியை அவர் என்றும் எழுதுகிறேன் பாருங்கள். தானாக வருகிறது, மாற்றப்போவதில்லை.)

சொசைட்டியில் அவர் வேலை பாலைச் சோதிப்பது. லாக்டோமீட்டர் தண்ணீர் காட்டினால் சொந்த மாமனார் கொண்டுவந்த பாலானாலும் திருப்பி அனுப்பிவிடுவார். இரண்டு முறை அனுப்பியும் இருக்கிறார், பால் காசு போன அந்த இரண்டு நாளும் வீட்டில் ரசம் மட்டும்தான். அந்த மனுஷிதான் எங்கள் மன்றத்தைச் சொசைட்டி பொதுக்குழு மாதிரியே நடத்தினார். ஞாயிற்றுக்கிழமை காலைப் பால் போன பிறகு, மாலைப் பால் வருவதற்கு முன்னால், சொசைட்டி வராந்தாவில் கழுவிக் கவிழ்த்த கேன்களுக்கு நடுவே கூட்டம். தீர்மானத்தை ஒருவர் முன்மொழிய வேண்டும், ஒருவர் வழிமொழிய வேண்டும், பிறகு கை தூக்கிக் காட்ட வேண்டும். எதிர்ப்பு இருந்தால் அதையும் எழுதிக் கையொப்பம் வாங்க வேண்டும். "கத்தறவங்க பேச்சு காத்தோட போயிடும், எழுதி வச்சாதான் நிக்கும்" என்பார்.

இரண்டாம் பாகத்தில் வேறொரு விண்கலம் வெடிக்கும்போது பெரிய சத்தம் வைத்திருந்தார்கள். முதல் பாகத்தில் அப்படி இல்லை. விண்வெளிக் காட்சிகள் எல்லாம் மயான அமைதியாக இருக்கும். தோட்டக்காரர் கொதித்துப்போனார். "காத்தே இல்லாத எடத்துல சத்தம் எப்பிடிங்க வரும்? எங்க சாரை வேணா கேட்டுப் பாருங்க!" அந்த 'எங்க சார்' யார் என்று அவரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. சத்தத்துக்கு வருத்தம் தெரிவித்து ஒருமனதாகத் தீர்மானம் போட்டு, இயக்குநருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். பத்து நாளில் ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. அதில் கோழி கிளறியதுபோல ஒரு கையெழுத்து. அது இயக்குநரின் சொந்தக் கையெழுத்தேதான் என்று அண்ணன் இன்னொரு தீர்மானம் போட்டான். அதுவும் நிறைவேறியது. அட்டையைக் கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டினான்.

மூன்றாம் பாகம் வந்தபோதுதான் வினையே. அதில் அந்தப் பெண், அணைத்த திரையைத் திரும்பப் போடுகிறாள். விண்கலத்தைத் திருப்புகிறாள். கடைசியில் மழை பெய்து நனைந்த ஒரு வயலில் வெறுங்காலோடு இறங்கி நிற்கிறாள். இயக்குநர், எனக்கு மனசு மாறிவிட்டது, அவள் வீட்டுக்கு வரட்டும் என்று தோன்றியது என்று பேட்டி கொடுத்தார். இணையத்தில் பாதிப் பேர் அவரைத் துரோகி என்றார்கள், மீதிப் பேர் ஞானி என்றார்கள். எங்கள் ஊருக்கு அவர் துரோகிதான். அடுத்த ஞாயிறே அவசரக் கூட்டம்.

அண்ணன் எழுந்து நின்று பேசினான். கடைச் சுவரில் எழுதிவைத்த வரியை அன்று காலைதான் சுண்ணாம்பு பூசி அழித்திருந்தான். கையெல்லாம் வெள்ளையாக இருந்தது. "ரெண்டு படம் ஃபுல்லா வீராப்பு பேசிட்டுப் போனவ, கடைசீல பையைத் தூக்கிக்கினு வூட்டுக்குத் திரும்பி வந்து நின்னா, அது இன்னா கதை? கேவலமா இல்ல?" என்றான்.

படத்தில் அந்தப் பெண்ணின் கையில் பை எதுவும் கிடையாது.

அவனுக்கே அது ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது. கூட்டாளிகள் மூன்று பேரும் கேன்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோட்டக்காரர் தொண்டையைச் செருமினார். குனிந்து எழுதிக்கொண்டிருந்த நான் நிமிரவே இல்லை. நிமிர்ந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அண்ணிதான் பேசினார், பால் அளவு சொல்லுகிற அதே குரலில். "தலைவர் பேசி முடிச்சிட்டாருன்னா ஓட்டுக்கு வுடலாங்களா?"

இயக்குநரைக் கண்டிக்கிற தீர்மானத்துக்கு ஆறு கைகள் உயர்ந்தன. அதில் ஒன்று என் கை. எனக்கு உண்மையாகவே அந்த முடிவு பிடிக்கவில்லை என்று பிறகு எனக்கு நானே எத்தனையோ முறை சொல்லிக்கொண்டேன். ஆனால் அன்று நான் கை தூக்கியது படத்துக்காக அல்ல. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், எல்லாரும் தூக்கினார்கள், நானும் தூக்கினேன். அவ்வளவுதான் என் லட்சணம்.

"பாப்பா, கோடு போட்டு கீழ எழுது" என்று அண்ணி என்னிடம் சொன்னார். அவர் சொல்லச்சொல்ல எழுதினேன். 'இந்தக் கதையில் யாரும் வீடு திரும்பமாட்டார்கள் என்று சொன்னவர் அவர். திரும்பலாம் என்று இப்போது சொல்கிறவரும் அவர். மனசு மாறியதற்காக ஒருவரைக் கண்டிக்க எனக்குச் சம்மதம் இல்லை.' நோட்டை வாங்கி நிதானமாக ஒருமுறை படித்துப் பார்த்தார், ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினார், கையொப்பம் போட்டார். பிறகு எழுந்து மாலைப் பாலுக்குக் கேன்களை நிமிர்த்தப் போய்விட்டார்.

அதன் பிறகு மன்றத்தில் வேறு பேச்சே இல்லை. அண்ணியின் மூன்று வாக்கியங்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பிடித்து உலுக்கின. தோட்டக்காரர் பஸ் நிறுத்தத்தில் என்னை மடக்கி, "அந்தப் பொண்ணு மண்ணுல கால வைக்கும்போது ஒரு சத்தம் வந்துச்சே, அது நல்லாதானம்மா இருந்துச்சு" என்றார். அண்ணன் மழைக்காலத்தில் மாலைப் பால் முடியும் நேரத்துக்குக் குடையோடு போய்ச் சொசைட்டி வாசலில் நிற்கத் தொடங்கினான். கேட்டால் வண்டிச் சாவியைத் தேடி வந்தேன் என்பான்.

ஒரு வருஷம் கழித்து இயக்குநர் ரசிகர்களுக்குப் பணிந்துவிட்டார். மூன்றாம் பாகத்தின் முடிவை மாற்றி மறுபடி வெளியிட்டார். எங்கள் கண்டனத் தபாலைப் பார்த்துத்தான் மாற்றினார் என்று கூட்டாளிகள் பட்டாசு வாங்கிக்கொண்டார்கள். ஏழு பேரும் திருப்பத்தூரில் மதியக் காட்சிக்குப் போனோம். இந்த முறை அந்தப் பெண் திரையைப் போட விரலைக் கொண்டுபோகிறாள், போடாமல் எடுத்துக்கொள்கிறாள். விண்கலம் இருட்டுக்குள் போய்க்கொண்டே இருக்கிறது. முன்வரிசையில் விசில் பறந்தது. எங்கள் வரிசையில் ஒருவரும் கைதட்டவில்லை. விளக்குப் போடுவதற்கு முன்பே அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டான்.

திரும்பி வரும்போது ஆலங்காயம் தாண்டி பஸ் மலை ஏறத் தொடங்கியது. அதுவரை சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் திடீரென்று, "அவ வூட்டுக்கு வந்திருக்கணும்" என்றான். யாரிடமும் இல்லை, பொதுவாக. இரண்டு சீட்டு முன்னால் உட்கார்ந்திருந்த அண்ணி திரும்பவில்லை. பட்டாசுப் பை கடைசிவரை கூட்டாளியின் மடியிலேயே கிடந்தது.

அடுத்த கூட்டத்தில், முடிவை மாற்றியதைக் கண்டித்து அண்ணனே தீர்மானம் முன்மொழிந்தான். அண்ணியைப் பார்த்துக்கொண்டே முன்மொழிந்தான். இது மன்னிப்புக் கேட்கிற விதம் என்று எங்கள் எல்லாருக்கும் புரிந்தது. ஐந்து கைகள் உயர்ந்தன. அண்ணியின் கை உயரவில்லை.

"ஆட்சேபணைங்க" என்றார்.

அண்ணன் மலைத்துப்போனான். "இன்னாம்மா இது? உன் பக்கந்தானே பேசறோம்?"

"என் பக்கம் நீங்க பேசவேணாங்க, எனக்கே வாயிருக்குது. அன்னிக்கு அவருக்கு மனசு மாறுச்சு, இன்னிக்கும் மாறியிருக்குது. அன்னிக்கு சரின்னா இன்னிக்கும் சரிதான். எனக்கு அவ வூட்டுக்கு வர்ற முடிவுதான் புடிக்கும், அது வேற. புடிக்கலன்னு எழுதுங்க, கையெழுத்துப் போடறேன். கண்டிக்கிறோம்னு எழுதினா போடமாட்டேன்." பிறகு என்னைப் பார்த்து, "முப்பத்தொண்ணாம் பக்கத்துல இருக்கறதே இதுக்கும்னு எழுதிடு பாப்பா" என்றார்.

அடேயப்பா! அந்த நிமிஷம் எனக்கு வந்த பெருமிதம் இருக்கிறதே, அதை எந்தப் படம் பார்த்தும் நான் அடைந்ததில்லை. தனக்குச் சாதகமாக வந்த கூட்டத்தையும் லாக்டோமீட்டர் விட்டுப் பார்த்து, தண்ணீர் கலந்திருக்கிறது என்று திருப்பி அனுப்பிய மனுஷி அவர். அந்தப் புதுப் பக்கத்தில் அவர் போட்ட கையொப்பத்துக்குக் கீழே என் கையொப்பத்தையும் போட்டேன். தூக்காமல் வைத்திருந்த என் கையை அப்போதுதான் அண்ணன் கவனித்தான். நோட்டை இழுத்துப் பார்த்தான், சிரித்தான், தீர்மானத்தில் 'கண்டிக்கிறோம்' என்பதை அடித்துவிட்டு 'பிடிக்கவில்லை' என்று எழுதச் சொன்னான். அதற்கு ஏழு கையொப்பம்.

இப்போது நான் திருப்பத்தூரில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அண்ணி சொசைட்டியின் செயலாளராகிவிட்டார். நோட்டு என்னிடம் இருக்கிறது. மன்றம் கைப்பேசிக் குழுவாக மாறி, நானூறு பேர் சேர்ந்து, யார் யாரைத் திட்டுகிறார்கள் என்றே தெரியாத நிலைக்கு வந்துவிட்டது. போன வாரம் இயக்குநர் நான்காம் பாகத்தை அறிவித்தார். இதுவரை சொன்ன மூன்று கதைகளையும் மறந்துவிடுங்கள், புதிதாகத் தொடங்குகிறேன் என்றார். குழு பற்றி எரிந்தது. அண்ணன் போன் செய்து, "நோட்டை எடுத்துக்கினு வா, ஞாயித்துக்கிழமை கூட்டம்" என்றான்.

கூட்டத்துக்கு முன்னால் வராந்தாவில் உட்கார்ந்து முப்பத்தொன்றாம் பக்கத்தைத் திறந்தேன். மூன்று வாக்கியங்கள், ஒற்றைக் கையொப்பம், அதன் கீழே வெறும் இடம். இவ்வளவு காலம் கழித்துப் போடுகிற கையொப்பம் எங்கள் அலுவலகத்தில் எடுபடாது என்று எனக்குத் தெரியும். பழைய தேதி போடுவது அதைவிடத் தப்பு. பேனாவைத் திறந்து, அண்ணியின் பெயருக்கு அடியில் என் பெயரைப் போட்டு, பக்கத்தில் அன்றைய தேதியை எழுதினேன்.

தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த அண்ணி, "இன்னா பாப்பா, அன்னிக்குக் கை தூக்கினவதானே நீ?" என்றார்.

"மனசு மாறிடுச்சு அண்ணி."

அவர் சிரிக்கவில்லை. நோட்டை என் பக்கம் திருப்பி வைத்து, "அப்ப அதையும் எழுது" என்றார். எழுதினேன்.