எஞ்சினியர் தருமலிங்கம் நிமிர்த்திய வீடு

தருமலிங்கத்தார் போய்விட்டார் என்ற செய்தியைச் செவ்வாய்க்கிழமை காலை அவருடைய மகன் தொலைபேசியில் சொன்னான். அடுத்த மூச்சிலேயே, "அங்கிள், அப்பான்ர நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தாங்கோ. வீட்டை நிமிர்த்தின கதையை எழுதுங்கோ, அது எல்லாருக்கும் தெரியும்" என்றான். உங்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை பொய். நடந்ததை எழுதுகிறேன். மலரில் இடமில்லையென்றால் கிழித்துப் போடட்டும்.

எழுபதுகளின் நடுவில் சிட்னியில் எங்கள் இருவருக்கும் ஒரே தொழிற்சாலையில் வேலை. செவன் ஹில்ஸுக்கு அப்பால், இழுத்துச் செல்லும் வீடுகள் நிற்கும் ஒரு கரவன் பார்க்கில் அவர் வீடு இருந்தது. லொறியில் இழுத்துவந்து, சீமெந்துக் கற்களை அடுக்கி, அவற்றின்மேல் இருத்திய வீடு. அந்தக் குளிர்காலத்து மழையில் களிமண் இளகி, குசினிப் பக்கத்து மூலை நாலு விரற்கடை இறங்கிவிட்டது. கதவைச் சாத்த முடியவில்லை. தாச்சியில் எண்ணெய் ஒரு பக்கமாகவே ஓடியது. வேலை தெரிந்த ஒருவரைக் கூப்பிடச் சொன்னார் அவர் மனைவி பூமணி அக்கா. "எஞ்சினியர் வீட்டுக்கு வெளி ஆளோ?" என்று சிரித்தார் இவர். இலங்கையில் கந்தோர் மேசையில் இருந்தபடி வரைபடங்களுக்குக் கையெழுத்து வைத்தவர். அவர் கையில் ஒரு சுத்தியலைக்கூட நான் கண்டதில்லை.

சனிக்கிழமை புல்லில் கதிரை போட்டு, மடியில் மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை வைத்துக்கொண்டு அமர்ந்தார். வீட்டைத் தூக்கும் ஜாக்கை அழுத்த நான். உயர உயரக் கட்டைகளைச் செருக, வீட்டுக்கு அடியில் அக்கா.

"மண் ஈரமாக் கிடக்கு. ஜாக்குக்குக் கீழ ஒரு பலகை வைப்பம். கொஞ்சம் கொஞ்சமா உயர்த்துவம்" என்றார் அக்கா.

"நீர் எஞ்சினியரோ, நான் எஞ்சினியரோ? சிவா, ஒரேயடியா ஏத்தும்!"

ஏற்றினேன். ஜாக் சேற்றில் புதைந்து சரிந்தது. வீடு இறங்கியது. யன்னல் கண்ணாடி வெடித்தது. கட்டைக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவில் அக்காவின் வலது கை. தருமலிங்கத்தார் கதிரையை விட்டு எழுந்து ஓடினார், யன்னலடிக்கு. "ஐயோ, கண்ணாடி போச்சு! என்னப்பா செய்தனீர்?" என்று அடியில் கிடந்தவரைப் பார்த்துக் கத்தினார்.

அக்கா அலறவில்லை. "தம்பி, பலகையை எடும். ஜாக்குக்குக் கீழ வையும். மெல்ல, மெல்ல" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு. கை வெளியே வந்தது. அதற்குப் பிறகு அதில் இரண்டு விரல்கள் மடங்கவேயில்லை.

இரண்டு கிழமை கழித்து, கட்டுப்போட்ட கையோடு அக்கா சொல்லச் சொல்ல நான் வீட்டை உயர்த்தினேன். மூலை மூலையாக, ஒரு தடவைக்கு அரை விரற்கடை. முழு நாள் எடுத்தது. பின்னேரம் தருமலிங்கத்தார் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து ரசமட்டத்தைத் தரையில் வைத்தார். குமிழி நடுவில் நின்றது.

"சொன்னனான்தானே, என்ர கணக்குப் பிழைக்காது."

பிறகு எத்தனை கலியாண வீடுகள், எத்தனை பிறந்தநாள்கள்! அங்கெல்லாம் அவர் சொன்ன வீடு நிமிர்த்திய கதையிலிருந்து அக்கா மெல்ல மெல்லக் காணாமல் போனார். அக்காவின் விரல்களைப் பற்றி யாராவது கேட்டால், தருமலிங்கத்தார், "சொல்லுக் கேளாத பலன்" என்பார். சொல்லி முடித்து என் பக்கம் திரும்புவார். "சிவா சாட்சி. என்ன சிவா?" தட்டில் வடையோடு நிற்கும் நானும், அக்காவின் முகத்தைப் பாராமல், "ஓம் அண்ணை" என்பேன்.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய உடலுக்கு முன் நின்றபோது துக்கம் வருமா என்று பார்த்தேன். வரவில்லை. ஆனாலும் அவர் என்னிடம் விட்டுப்போனது ஒன்று உண்டு. நாற்பது வருடம் நான் சொன்ன அந்த "ஓம் அண்ணை." அவரை எரித்தாயிற்று. அது இன்னும் என் வாயில் இருக்கிறது.