ஓடைக்கரையில் கட்டிய சேலைகள்

மலையடிவாரத்து ஓடைக்கரையில் மரை என்னும் பெரிய காட்டுமானின் குளம்படியைக் கண்ட காலையில் நான் அடைந்த களிப்பு, என் மனைவிக்குச் சிறிதும் உவப்பாக இல்லை.

மெல்பேர்னின் கிழக்கு விளிம்பில், எங்கள் வீட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் அவ்வோடை உள்ளது. ஓய்வு பெற்றபின் அவள் அயலவரோடு சேர்ந்து அதன் கரையில் இந்நாட்டு மரங்களை நட்டுவருகிறாள். விதை பொறுக்கி, குசினி யன்னலோரத்தில் முளைக்கவைத்து அவள் வளர்த்த வாட்டில் மரக் கன்றுகளை இரண்டு குளிர்காலமாக ஏதோ ஒன்று தின்று தீர்த்தது. இம்முறையும் பிழைக்காவிடின் அந்தக் கரையைக் கைவிடுவதென்று குழுவினர் முடிவு செய்திருந்தனர்.

நானோ சேற்றில் குனிந்து, “இது மரையெல்லே! எங்கட வன்னிக் காட்டு மரை!” என்று கூவினேன்.

“ஓம், உங்கட சொந்தக்காரர்தான். விருந்து சாப்பிட்டுட்டுப் போட்டார்.”

“அதுவும் எங்களைப்போலக் கடல் கடந்து வந்த சீவன். நீர் கொஞ்சம் இரங்கும்.”

“நாங்கள் விரும்பி வந்தனாங்கள். அதைச் சுடுறதுக்கெண்டு கொண்டு வந்தவங்கள். உங்களை ஆர் சுடக் கூப்பிட்டது?”

அவள் சொன்னது உண்மை. வேட்டைப் பொழுதுபோக்குக்காக ஆங்கிலக் கனவான்கள் சிலர் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் மரைகளைக் கப்பலேற்றி இங்கே விட்டது பழங்கதை. நரியும் அவ்வாறு வந்ததே. கொம்பின் அழகைக் கண்டவர்கள் ஓடையின் கருத்தைக் கேட்கவில்லை. எங்கள் காட்டில் மரையின் பின்னால் சிறுத்தை உண்டு. இங்கே அதைத் தொடர்வார் எவருமில்லை. குளம்புடைய விலங்கு எதுவும் தோன்றியிராத மண் இது. மனைவி காட்டியபோதுதான் கண்டேன்: கொம்பு தேய்த்துப் பட்டை உரிந்த மரங்கள், தவளைகள் முட்டையிட்ட தெளிந்த குட்டை இருந்த இடத்தில் மரை புரண்டு கலக்கிய சேறு. என் களிப்பு சற்றே நாணமுற்றது.

வழி சொன்னவர், டண்டினொங் புறநகரில் துணிக்கடை வைத்திருக்கும் என் மன்னார் நண்பர். தேநீருக்கு வந்தவர் கதிரையில் அமர்ந்தவுடன் தீர்ப்பளித்தார்.

“மாஸ்டர், காட்டுப்பண்டிக்குச் செய்யிறதை மரைக்கும் செய்வம். எங்கட வயலைச் சுத்திப் பழைய சீலைதானே கட்டுறது. காத்தில ஆடினா ஆளெண்டு நினைச்சு ஓடிடும்.”

“என்ர சீலையளையோ?” என்றாள் மனைவி.

“அக்கா, கூறைச்சீலையை ஆர் கேட்டது? பழசைத் தாங்கோ.”

குழுத்தலைவியான ஆஸ்திரேலிய மூதாட்டி முதலில் ஐயுற்றார். பறவை சிக்காதவாறு இறுகக் கட்டவேண்டும், வொம்பட் என்னும் இந்நாட்டு வளைவிலங்கு நுழைந்து செல்ல அடியில் ஒரு சாண் விடவேண்டும் என்ற உறுதியின்பேரில் இசைந்தார். அடுத்த சனிக்கிழமை மனைவியின் தோழியர் பை பையாகச் சேலைகளோடு வந்திறங்கினர். கட்டும் வேலையைவிடக் கதை நீண்டது.

“இது மகள் பெரியபிள்ளையானப்போ சாமத்தியத்துக்கு எடுத்தது. இப்ப அவளுக்கே ரெண்டு பிள்ளையள்!”

“அப்ப மரை சாமத்தியவீடெண்டு நினைச்சுச் சீர்த்தட்டத்தோட வரும், இருங்கோ!”

தைலமரங்களுக்கிடையே மஞ்சளும் ஊதாவும் கிளிப்பச்சையும் படபடத்தன. நடைபயில வந்தவர்கள் ஏதோ திருவிழா என்றெண்ணி நின்று படமெடுத்தனர்.

குளிர்காலத்து மாலையொன்றில் அது வந்தது. பெருங்கொம்பன். மாம்பழ நிறச் சேலை ஒன்று காற்றில் புடைத்தெழ, முன்னங்காலால் நிலத்தை உதைத்து, ஒருமுறை உரக்கக் குரலெழுப்பிவிட்டுச் சரிவில் ஏறி மறைந்தது. அதன் எழில் அப்போதும் என்னை மயக்கியது. அதனை நான் மறைக்கவில்லை. மனைவியோ கைதட்டிச் சிரித்தாள்.

சேலைவேலி மலைமுழுதையும் காக்காது. அப்பால் உள்ள பள்ளத்தாக்குகளில் சேதம் தொடர்கிறது. காற்றில் ஆடுவது ஆளல்ல என்று மரையும் ஒருநாள் உணர்ந்துகொள்ளும். ஆனால் அதற்குள் எங்கள் கன்றுகள் அதன் வாய்க்கு எட்டாத உயரம் வளர்ந்தால் போதும்.

வேனிலின் தொடக்கத்தில் குழுவினர் கரையைப் பார்வையிட்டனர். கன்றுகள் இடுப்பளவு நின்றன. தலைவி ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு நடந்தார். கரையைக் கைவிடும் பேச்சு எழவேயில்லை. ஓடையின் அடுத்த வளைவிலும் நடலாம் என்றார். மனைவி உடனே என் பக்கம் திரும்பினாள்.

“சீலையெல்லாம் முடிஞ்சுது. உங்கட வேட்டியள் எத்தினை கிடக்கு?”

வீட்டுக்கு வந்ததும் நானே அலுமாரியைத் திறந்தேன்.