சொன்னால் சாகாத செல்

பரிசோதனைக்கூடத்தில் அவளை எல்லோரும் பிளேடு அக்கா என்பார்கள். பேசி அறுப்பவள் என்று நினைத்துவிடக் கூடாது. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் இருப்பாள். அறுப்பது அவள் தொழில், அவ்வளவுதான். நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த துணுக்கை மெழுகுக்கட்டியில் பதித்து, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஏற்றிச் சாயம் போடுவாள். அதைப் பார்த்துத்தான் டாக்டர் புற்றுநோயா இல்லையா என்பார்.

ஒரு திங்கட்கிழமை வந்த துணுக்கின் சீட்டில் அவளுடைய மாமியார்க்காரியின் பெயர் இருந்தது. வயதும் சரி, தெருவும் சரி. கழுத்துக் கட்டியிலிருந்து எடுத்தது.

அவளுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. பதினோரு வருஷம் அந்த வீட்டில் விடிந்ததும் காதில் விழுந்த முதல் வார்த்தை, "செத்துத் தொலையேன்டி." முதல் கரு கலைந்து ரத்தம் நிற்காமல் படுத்திருந்த நாளில்கூட அந்த வாய் ஓயவில்லை. கணவன் வாயில் கொழுக்கட்டை. கடைசியில் மகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறினாள்.

துணுக்கு அரிசி அளவுதான் இருந்தது. பிளேடைக் கொஞ்சம் கோணலாக வைத்தால் போதும், நொறுங்கிவிடும். மறுபடி அந்தக் கழுத்தில் கத்தி வைப்பார்கள். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். கிழவி வேதனைப் படட்டும், நன்றாகப் படட்டும் என்று கைப்பிடியைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

அப்புறம் பிளேடை நேராக்கினாள். இரக்கம் ஒரு மண்ணும் இல்லை. அதைவிட நல்லதாக ஒன்று தோன்றியிருந்தது.

சாகிற செல்லில் மட்டும் பழுப்பு ஏறுகிற சாயத்தையும் போட்டாள். தகட்டில் பழுப்பைத் தேட வேண்டியிருந்தது; சாகிற செல் அவ்வளவு குறைவு.

அடுத்த வாரம் மாமியார்க்காரி ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். மகன் இறக்கிவிட்டுப் போயிருந்தான்.

"நீயா? எனக்கு என்னடி ஆச்சு? யாரும் புரியற மாதிரி சொல்ல மாட்டேங்கறாங்க."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "உடம்புல தினமும் கோடிக்கணக்கான செல்லுங்க தானாவே சாகுது அத்தை. பழுதானா, 'செத்துப் போ'ன்னு உள்ளேயிருந்தே உத்தரவு வரும். சத்தமில்லாம சுருங்கி, துண்டு துண்டா உடைஞ்சிடும். பக்கத்துல இருக்கறது முழுங்கிடும். உங்க கழுத்துல இருக்கறதுங்க அந்த உத்தரவைக் காதுலயே போட்டுக்கல. சாகாமப் பெருகுது. அதான் புற்றுநோய்."

"சாகச் சொன்னா ஏன் கேக்க மாட்டேங்குது?"

"நான் கேட்டேனா?"

கிழவி முந்தானையை இழுத்துக் கழுத்துக் கட்டியை மூடிக்கொண்டாள்.

"அதுங்களைக் கேக்க வைக்க மருந்து இருக்கு. டாக்டர் நம்பிக்கையாத்தான் இருக்கார். உங்க துணுக்கைச் சீவினது நான்தான். ஒரு கீறல் இல்லாம வந்துச்சு."

"நீ நல்லா இருக்கணும்டி."

"நான் நல்லாத்தான் இருக்கேன். நீங்களும் நூறு வருஷம் இருங்க அத்தை. தினமும் கண்ணு முழிக்கறப்போ யார் கையால பொழைச்சோம்னு ஞாபகம் வரணும். எனக்கு அது போதும்."