தலையில் வைத்த கை

என்னைத் தப்புவித்தவருக்கு நன்றி சொல்லவே இதை எழுதுகிறேன்.

என் கணவர் ஜெபித்தால் கேட்கிறவர்கள் கண் கலங்குவார்கள். தெலுங்கு பேசும் ஊரான அல்வாலில் எங்கள் தமிழ் ஜெபக்குழுவில் பாட்டு எடுத்துக் கொடுப்பது அவர்தான். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினால் குரல் வேறு. கை வேறு. குழம்பில் உப்பு, ஊருக்குப் பேசிய போன், எதுவும் காரணமாகும். ஒன்றுமில்லாததும் காரணமாகும்.

குழுவில் ஜெபக்குறிப்பு கேட்டால், "குடும்பச் சமாதானம்" என்பேன். அவ்வளவுதான். எல்லோரும் எனக்குப் பொறுமை வேண்டி ஜெபித்தார்கள். பொறுமை வந்துகொண்டே இருந்தது. அடியும் வந்துகொண்டே இருந்தது. ஆண்டவரே, என்னை எடுத்துக்கொள்ளும் என்றுகூடக் கேட்டேன்.

போன வருடம் லெந்து நோன்புக் காலம். பெண்களின் உபவாச ஜெபம். முக்காடு போட்டு முழங்காலில் இருந்தேன். கூட்டத்தை நடத்தும் கிரேஸ் அக்கா ஒவ்வொருவர் தலையிலும் கைவைத்து ஜெபித்து வந்தார். என் தலையில் கை பட்டதும் வலியில் கத்திவிட்டேன். ஜெபம் நின்றது. விரல்கள் வீக்கத்தைத் தடவின.

"ஏளா, இது என்னது?"

"கதவுல இடிச்சிட்டேன்க்கா."

"போன மாசம் அலமாரி, இந்த மாசம் கதவு. ஒன் வீட்டுச் சாமானுக்கெல்லாம் ஒன்மேல என்ன கோவம்?"

அழுதுகொண்டே எல்லாம் சொன்னேன். பின்னாலிருந்து ஒரு சகோதரி, "புருஷனுக்குக் கீழ்ப்படியணும்னு வசனம் இருக்கே" என்றார்.

"அடிக்கச் சொல்லி வசனம் இருந்தா எடுத்து வாசி" என்றார் அக்கா. யாரும் பக்கம் புரட்டவில்லை.

"எழும்பு. மிச்சத்தைப் போற வழியில ஜெபிச்சுக்கலாம்."

அங்கேயே பெண்கள் உதவி எண்ணுக்குப் போன் செய்தார். என் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு உதவி மையத்துக்குப் போனோம். ஆலோசகர் தெலுங்குப் பெண். "மீக்கு ஏம் காவாலம்மா?" என்றார். உனக்கு என்ன வேண்டும் என்று என்னை அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. ஆண்டவரே கேட்டதுபோல் இருந்தது.

"அந்த வீடு நக்கோ ஆன்ட்டி" என்றாள் மகள். வேண்டாம் என்று நானும் தலையசைத்தேன்.

மருத்துவர் பார்த்தார். தங்க இடம் கொடுத்தார்கள். இலவச வக்கீல் வந்தார். நீதிமன்றம் பாதுகாப்பு உத்தரவு போட்டது. இப்போது சைனிக்புரியில் இருக்கிறோம், நானும் மகளும். தையல் வேலை. கணவரை மன்னித்துவிட்டாயா என்று கேட்கிறார்கள். மன்னிக்க ஜெபிக்கிறேன். வீட்டுச் சாவி கொடுக்க மாட்டேன்.

அடிபடும் சகோதரியே, ஜெபி. உதவியும் கேள். முழங்காலில் இருந்தபடியே போன் செய்தாலும் ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.