டீச்சர் போட்ட குறட்டைக் கணக்கு

ஆசிரியர் கூட்டத்தில் எல்லோரும் குறிப்பெடுக்க, நாலாம் வகுப்பு டீச்சர் மட்டும் தலைமையாசிரியரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு, ஒன்பது, பத்து. பிஸ்கட் தட்டு காலியானபோது கணக்கு பன்னிரண்டில் நின்றது. வாசல் வாட்ச்மேனின் கணக்கு காலையிலேயே கையில் இருந்தது. "அண்ணே, டீயோட இன்னிக்கு எத்தனை பிஸ்கட்டு?" "மூணும்மா. ஏன், கண்ணு வைக்கிறியா?"

மத்தியானம் கரும்பலகையில் ஏறிவிட்டது: வாட்ச்மேன் தின்றது 3 பிஸ்கட். தலைமையாசிரியர் தின்றது அதைப்போல் 4 மடங்கு. எத்தனை?

டீச்சர் ஆள் உருவத்தில் சிறிது. நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரை தொடாது. ஆனால் குரல் நாலு வகுப்புக்குக் கேட்கும். பார்த்த மாத்திரத்தில் ஆளை எடை போடுகிற கண் நமக்கு. இப்படி ஒரு கெட்டிக்காரியை லேசில் பார்த்துவிட முடியாது. மடங்குக் கணக்கில் பிள்ளைகள் எங்கே வழுக்கும் என்பது அவருக்கு அத்துப்படி. மடங்கு என்ற சொல்லைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டு பெருக்கிவிடும். அக்காவின் 12 பென்சில் தம்பியுடையதைப்போல் 3 மடங்கு என்றால், தம்பி தலையில் முப்பத்தாறைக் கட்டும். தெரிந்த ஆளைக் கணக்கில் வைத்தால் அப்படி ஆகாது. யாருக்கு அதிகம், யாருக்குக் கம்மி என்று பிள்ளை முதலில் யோசிக்கும். பள்ளிக்கூடத்தில் அதிக நாள் ஒட்டாத நம் மண்டையிலேயே இது ஏறுகிறதென்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தலைமையாசிரியருக்குத்தான் ஏறவில்லை. அவர் நடந்துபோனால் தாழ்வாரம் முழுக்க "பன்னெண்டு, பன்னெண்டு" என்று கிசுகிசுப்பு. டீச்சரைக் கூப்பிட்டுவிட்டார்.

"என் மானத்தைப் பலகையில எழுதிப் போடுறீங்களாம்மா? இனிமே கணக்குல இங்க உள்ள ஆளுங்க யாரும் வரக் கூடாது. 'அ'கிட்ட இவ்வளவு, 'ஆ'கிட்ட இவ்வளவுன்னு போடுங்க. வெள்ளிக்கிழமை பரீட்சையில பிள்ளைங்க சறுக்கினா, நாலாம் வகுப்பை வேற ஆள்கிட்ட குடுத்துடுவேன்."

டீச்சர் அந்தப் பென்சில் கணக்கில் 'அ'வையும் 'ஆ'வையும் போட்டுப் பார்த்தார். வகுப்பில் பாதி முப்பத்தாறு என்று எழுதியது. வீட்டில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. லாரி மெக்கானிக்கான வீட்டுக்காரர் மலை மாதிரி ஆள். விஷயத்தைக் கேட்டுக் குலுங்கிச் சிரித்தார்.

"என்னைப் போட்டுக்கயேன். என் மானம்தான் உன்னைக் கட்டின அன்னிக்கே போயாச்சே."

"ஒருத்தர் போதுமா? ஒப்பிட ரெண்டு பேர் வேணும்ல."

"அப்ப நீயும் வா."

வெள்ளிக்கிழமை வினாத்தாளில் அது வந்தது: டீச்சரின் கணவர் விட்ட குறட்டை 24. அது டீச்சர் விட்டதைப்போல் 6 மடங்கு. டீச்சர் விட்டது எத்தனை?

தாளைப் பிடித்தபடி தலைமையாசிரியர் வகுப்புக்கே வந்துவிட்டார். "ஆளுங்க வேண்டாம்னு சொன்னேனேம்மா?"

"இங்க உள்ள ஆளுங்கதான சார் வேண்டாம்னீங்க? இது எங்க வீட்டு ஆளு."

"அப்ப நீங்க?"

"நான் அவருக்குத் துணைக்கு வந்திருக்கேன் சார்."

அவர் பதில் சொல்ல வாயெடுத்தபோது, முன்பெஞ்சுப் பெண் விறுவிறுவென்று 24ஐ 6ஆல் பெருக்கி 144 என்று எழுதியதைப் பார்த்தார். டீச்சரின் முகம் வாடியது. அந்தப் பெண் நிமிர்ந்தாள். டீச்சரைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தரம் பார்த்தாள். "சே, இவ்ளோ சின்ன டீச்சருக்கா இத்தனை!" என்று தனக்குத்தானே முனகி, பரபரவென்று அழித்து, வகுத்து, 4 என்று எழுதினாள். தலைமையாசிரியர் வரிசை வரிசையாக நடந்து ஒவ்வொரு தாளாக எட்டிப் பார்த்தார். நாலு. நாலு. கடைசி பெஞ்சிலும் நாலு.

வாசலுக்குத் திரும்பி வந்தவர் குரலைத் தாழ்த்தினார். "வகுப்பு உங்ககிட்டயே இருக்கட்டும். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நிஜமாவே நாலுதானா?"

டீச்சர் பிள்ளைகள் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். எல்லாத் தலையும் குனிந்திருந்தது. சேலைத் தலைப்பின் மறைவில் கையை எடுத்து, ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார்.