மாமியாரைத் திட்டத் தெரியாத வாத்தியார்

என் மருமகனுக்கு என்னைத் திட்டத் தெரியாது. நல்ல குணம்தான். ஆனால் மரம் கடைகிற மிஷினைக் கற்றுக்கொடுக்கிறவருக்கு அந்தக் குணம் ஆகாது.

சாமல்பட்டிக் காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, ஓசூரில் மகள் வீட்டோடு நான் வந்து சேர்ந்த வருஷம் அது. மருமகன் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கம்பெனியில் ஷிப்டு முடித்து வந்ததும் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் கட்டில் கால், பூரிக்கட்டை என்று ஏதாவது கடைவார். சதுரக் கட்டையை இரண்டு முனையிலும் இறுக்கி மாட்டினால் மிஷின் அதைச் சுழற்றும். உளியைக் கொடுத்தால் சீவல் சுருள் சுருளாய்ப் பறக்கும். பார்த்துப் பார்த்து எனக்குக் கை அரித்தது. எனக்கு ஒரு பூரிக்கட்டை நானே கடைய வேண்டும் என்றேன். மாமியார் கேட்டு மாட்டேன் என்று சொல்கிற வாய் அவருக்கு ஏது?

கற்றுக்கொடுத்தார். என்னிடம் இல்லை, மோட்டாரிடம். அதையே பார்த்துக்கொண்டு, “சுவிட்சு போடுறதுக்கு முன்னால கட்டையக் கையால ஒரு சுத்து சுத்திப் பாக்கணும். எங்கயும் இடிக்கக் கூடாது. போடும்போது ஓரமா நிக்கணும்” என்றார்.

“மோட்டாருக்குப் புரிஞ்சிதா மாப்ள?” என்றேன்.

உளியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சுவரைப் பார்த்து, “இந்த மிஷினுக்கு... தொங்குற துணி ஆகாது” என்றார்.

என் முந்தானையைத்தான் சொன்னார். மாப்பிள்ளை முன்னால் தோளைச் சுற்றி இழுத்துப் போர்த்துவது எங்கள் பக்கத்து மரியாதை. மாமியார் சேலையைப் பற்றி மருமகன் எப்படி வாய் திறப்பார்? எனக்குப் புரிந்தது. ஆனாலும் மனுஷன் இன்னும் எவ்வளவு நெளிவார் என்று பார்க்கிற ஆசை.

“எந்தத் துணிங்க மாப்ள?” என்று கேட்டு, முந்தானையை இன்னும் நன்றாகப் போர்த்திக்கொண்டேன்.

அவர் கொடுத்த கண்ணாடியை மாட்டி, சுவிட்சைப் போட்டு, உளியோடு குனிந்தேன். முந்தானை தோளிலிருந்து நழுவியது.

“ஏ கெழவி! தள்ளு!”

அவர் தாவி சுவிட்சை அணைத்தார். அதற்குள் சேலை டர்ரென்று கிழிந்துவிட்டது. “கூறு இருக்கா ஒனக்கு? கழுத்தோட சுத்தியிருக்கும்!”

மிஷின் நின்றது. கட்டையில் என் சேலைத் துண்டு ஒரு முழம் சுற்றியிருந்தது. அவருக்கு, யாரைக் கெழவி என்றோம் என்பது அப்போதுதான் உறைத்தது. தலையில் கை வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. மகள் வந்தாள். “இன்னாம்மா செஞ்சே? எந்த மூஞ்சிய வெச்சிக்கினு அத்தை முன்னால நிக்கிறதுன்னு படுத்துக்கினாரு. மிஷினையே வித்துடறேன்றாரு.”

என் வாய்க்கொழுப்புக்கு அவர் ஆசையாய் வாங்கிய மிஷின் போவதா? மறுநாள் முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகினேன். கொடியில் கிடந்த அவருடைய பழைய கம்பெனி அரைக்கைச் சட்டையை மேலே மாட்டிக்கொண்டு கொட்டகையில் போய் நின்றேன். மகள் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளே போய் அவரை இழுத்து வந்தாள்.

“மாப்ள, துணின்னு சொன்னது நேத்தே புரிஞ்சிது. சும்மா உங்கள வம்புக்கு இழுத்தேன். தப்பு என்மேல. வீட்டுல நான் மாமியாரு, இங்க வெறும் கெழவி. நீங்க கத்துங்க. கத்தாம வுட்டா, கொள்ளி வெக்கறதும் நீங்கதான்.”

உளியை எடுத்து என் கையில் கொடுத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தே பேசினார்.

“யத்தே, கழுத்துப் பட்டனப் போடுங்க. உளிய மொதல்ல இந்த இரும்புத் தாங்கி மேல வைக்கணும், அப்புறந்தான் கட்டைல. எத்தன தடவ சொல்ல?”

ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. மோட்டாரிடம் சொல்லியிருப்பார்.

பூரிக்கட்டை ஒரு பக்கம் பருத்து, ஒரு பக்கம் இளைத்து வந்தது. அதில் தேய்த்தால் சப்பாத்தி வட்டமாக வராது. ஆனாலும் அதில்தான் தேய்க்கிறேன்.

அதற்குப் பிறகு கொட்டகைக்குள் எனக்கு நல்ல திட்டு விழுந்தது. வெளியே வந்தால், பழையபடி என்னைக் கண்டதும் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். சில நாள் சும்மா ஒரு காலைக் கொட்டகைக்குள்ளும் ஒரு காலை வெளியிலும் வைத்து நிற்பேன். பாவம், திட்டுவதா எழுந்திருப்பதா என்று தெரியாமல் பாதி எழுந்தபடி நிற்பார்.