தேயிலைப் பெட்டி ஈயத்தில் வார்த்த முப்பது தோட்டாக்கள்

"2603, 9ஆம் மாதம், 21. காலையிலிருந்து மழை. துப்பாக்கி விஷயம் என் தலையில் விழுந்தது. ஈயம் கொஞ்சம் இருக்கிறது. மிருது."

என் நாட்குறிப்பில் உள்ள வரிகள் இவை. 2603 என்பது கைப்பிழை அல்ல. 1943ஐ அப்படித்தான் எழுத வேண்டும் என்று ஜப்பான்காரர்கள் உத்தரவு போட்டிருந்தார்கள். கடிகாரத்தையும் ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி டோக்கியோ நேரமாக்கிவிட்டார்கள். மலாயா மலைநாட்டில் ரிங்லெட்டுக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வருகிறவர்கள் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாத இருட்டில் வரிசையில் நிற்பார்கள். சூரியனுக்கு மட்டும் யாரும் உத்தரவு போடவில்லை. தேதிகளை ஒழுங்காகக் குறித்து வைப்பது எனக்கு வாலிபத்திலிருந்தே இருக்கும் பழக்கம். அப்படிப்பட்டவனைப் பிடித்து 660 வருஷம் முன்னால் தூக்கி வைத்தால் எப்படி இருக்கும் என்பதை ஊரில் இருக்கும் நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நான் பக்கத்தின் மேலே அவர்கள் வருஷத்தையும் கீழ் ஓரத்தில் பென்சிலால் நம் வருஷத்தையும் எழுதி வந்தேன்.

நான் இந்தத் தோட்டத்து டிரெஸர். ஊரில் கம்பவுண்டர் என்பீர்களே, அந்த வேலைதான். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு வந்த ஜப்பான் துரைக்குத் துப்பாக்கி சுடுவதில் பைத்தியம். பறிமுதல் செய்து குவித்திருந்த ஆயுதங்களிலிருந்து பெரிய வாய் கொண்ட ஓர் ஆங்கிலேய ரிவால்வரை எங்கிருந்தோ வாங்கி வந்தார். என் கட்டைவிரல் அதன் குழலுக்குள் கிட்டத்தட்ட நுழைந்துவிடும். ஆனால் அதற்குத் தோட்டா கிடையாது. அவர்களுடைய தோட்டா அதற்குச் சேராது. பழைய துரை பலகையில் சுட்டுப் பழகியவர். சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். குண்டு வார்க்கும் இரும்பு அச்சு, கூட்டின் அடியில் பொருத்தும் கேப்புகள் கொஞ்சம், வெடிமருந்து கொஞ்சம், அட்டை கிழிந்த ஆங்கிலக் கையேடு ஒன்று, எல்லாம் பங்களா அலமாரியில் அப்படியே கிடந்தன. தோட்டத்திலேயே சின்ன எடை நிறுக்கும் தராசு என்னிடம்தான் இருக்கிறது, இங்கிலீஷும் எனக்குத்தான் படிக்கத் தெரியும். ஆகவே தோட்டா செய்வது டிரெஸர் வேலை என்று முடிவாகிவிட்டது. எந்த வைத்திய நூலில் இது எந்த அத்தியாயம் என்று கேட்க நாதி இல்லை.

மறுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். மறுக்க முடியாமல் செய்தது ஒரு பெயர்ப் பட்டியல். சயாம் ரயில் பாதை வேலைக்குத் தோட்டத்திலிருந்து பன்னிரண்டு ஆள் அனுப்ப வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. முன்பு போனவர்கள் யாரும் திரும்பவில்லை. பட்டியலில் நான்காவது பெயர் சூசை, ஃபாக்டரி ஃபிட்டர், என் ஒரே நண்பன். ஜப்பான் துரை உடைந்த மலாயில் என்னிடம் சொன்னார்: தானா ராத்தாவில் அடுத்த மாதம் துப்பாக்கிப் போட்டி. நல்ல தோட்டா முப்பது. ஃபிட்டர் உதவட்டும். தோட்டா நன்றாக இருந்தால் ஃபிட்டர் இங்கேயே இருக்கலாம்.

ஈயத்துக்கு அலைந்தோம். ஒரு காலத்தில் தேயிலைப் பெட்டிகளுக்கு உள்ளே ஈயத் தகடு ஒட்டி வரும். ஃபாக்டரிப் பரணில் இரண்டு கிழிந்த தகடுகள் கிடைத்தன. மீதியெல்லாம் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரைகளில் ஓட்டை அடைக்கப் போயிருந்தது. சூசையின் மனைவி ரோசம்மா முதலில் தன் வீட்டுக் கூரையில் ஏறித் தகட்டைப் பிய்த்துப் போட்டாள். அடுப்புக்கு நேர் மேலே ஒழுக ஆரம்பித்தது.

"ஒழுகட்டும் லா. ஆளு இருந்தா அடுப்பு எரியும்" என்றாள்.

வார்ப்பது ஃபாக்டரிப் பட்டறையில். சூசை இரும்புக் கரண்டியில் ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றுவான். நான் கையேட்டை வைத்துக்கொண்டு குறுக்கே பேசுவேன். ரோசம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் பணியாரம் ஊத்துறீங்களா? எனக்கு வெல்லம் போட்டதா நாலு எடுத்து வைங்க" என்பாள்.

எங்களுக்குள் ஓயாத சண்டை. தேயிலைப் பெட்டி ஈயம் நகத்தால் கீறினால் கோடு விழும் அளவுக்கு மிருது. சூசை பழைய இஞ்சின் பேரிங்கிலிருந்து சுரண்டிய வெள்ளை உலோகத்தைக் கலக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான்.

"டிரெஸர், இது கைக்குழந்தைக்குக் குடுக்கிற மாத்திரை இல்ல. கொஞ்சம் வெள்ளைய கலந்தா கல்லு மாதிரி நிக்கும்."

"கல்லு வேணாம் சூசை. குழல் தேஞ்சு அகலமா போயிருக்கு. கெட்டியான குண்டு அதுல லொடலொடன்னு போவும். மெத்துனு இருந்தாத்தான் விரிஞ்சு குழலை அடைச்சுக்கிட்டு நேரா போவும். புத்தகத்துல இருக்கு."

"புத்தகம் எழுதுன வெள்ளைக்காரன் இப்ப எங்க இருக்கான்? கேம்ப்ல உக்காந்து கஞ்சி குடிக்கிறான்."

மிருதுவான குண்டுக்கு மருந்தைக் கூட்டினால் குழல் முழுக்க ஈயம் அப்பிக்கொள்ளும். குறைத்துத்தான் போட வேண்டும். பலகையைச் சுட அதுவே போதும், கையும் உதறாது. முனை தட்டையாக இருந்தால் காகிதத்தில் துளை வட்டமாக வெட்டினாற்போல விழும். மிருது ஈயம், தட்டை முனை, குறைந்த மருந்து என்று நான் தீர்மானித்தேன். யாரையும் கொல்லாமல் காகிதத்தை மட்டும் கிழிக்கும் தோட்டா என்ற சின்ன சமாதானமும் எனக்கு இருந்தது. அது பொய்ச் சமாதானம். அந்த அளவு குண்டு எவ்வளவு மெதுவாக வந்தாலும் ஆளைக் கொல்லும். தெரிந்துகொண்டேதான் நினைத்துக்கொண்டேன்.

ஆறு தோட்டாக்களை ஃபாக்டரிக்குப் பின்னால் சுட்டுப் பார்த்தார் ஜப்பான் துரை. ஆறும் ஒரு சாஸருக்குள் விழுந்தன. நான் கிட்டத்தட்டச் சிரித்துவிட்டேன். அவர் பலகையைப் பார்க்கவே இல்லை. துப்பாக்கியைக் காதருகே வைத்துக் குலுக்கினார்.

"கெச்சில்!" என்றார். சின்னது என்று அர்த்தம். அவருக்குச் சத்தம் போதவில்லை. மருந்தை நான் திருடிவிட்டேன் என்று நினைத்து என் சட்டைப் பைகளைத் தடவினார். உள்ளே ஒரு தெர்மாமீட்டர்தான் இருந்தது. பலகையைக் காட்டினேன், துளைகளைக் காட்டினேன், விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். அவர் கண் என் பையிலேயே இருந்தது. கடைசியில் சூசை ஓடிப்போய் மிச்ச மருந்தை டப்பாவோடு கொண்டுவந்து காட்டிய பிறகுதான் முணுமுணுத்துக்கொண்டு போனார்.

"நான் அப்பவே சொல்லல? சத்தம் வேணும் இவனுங்களுக்கு" என்றான் சூசை.

மீதி இருபத்துநான்கு தோட்டாக்களை அப்படியே விடுவது என்று பிடிவாதமாக இருந்தேன். என் கணக்கு சரி. இன்றைக்கும் சொல்வேன், கணக்கு சரி.

தவறு வேறு இடத்தில் நடந்தது. போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் ஆயுத பூஜை. திருநெல்வேலியில் நான் வேலை கற்ற மருந்துக் கடையில் அன்று தராசு, கல்வம், கத்தரி எல்லாவற்றையும் தேய்த்துச் சந்தனப் பொட்டு வைத்து, தீர்த்தம் தெளித்துப் பலகையில் அடுக்குவோம். மறுநாள் காலை மறுபூஜை முடியும்வரை யாரும் தொடக்கூடாது. காலரா சமயத்தில்கூட முதலாளி தராசை எடுக்க விடவில்லை. கைக்கணக்கில் மருந்து கொடுத்தோம். அங்கே புரட்டாசி வெயிலில் தெளித்த தண்ணீர் மணி அடித்து முடிப்பதற்குள் காய்ந்துவிடும். சந்தனம் வெடித்துப் பொருக்காக உதிரும்.

இங்கேயும் ஃபாக்டரியில் ரோலர் மெஷினுக்கு மாலை, அரவை யந்திரத்துக்கு மாலை. என் தராசை வைத்தேன். அதன் பக்கத்தில், என் கையால் அந்த மாதம் செய்த ஒரே வேலை என்பதால், இருபத்துநான்கு தோட்டாக்களையும் குண்டு கீழாக, அடிப்பக்கம் மேலாகப் பித்தளைத் தட்டில் வரிசையாக நிறுத்தினேன். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். கோணாமல், மிகச் சரியாக நடுவில்.

சூசை கிறிஸ்தவன். ஆனாலும் வருஷா வருஷம் தேங்காய் உடைக்க நிற்பான். "தோட்டாவுக்கு எதுக்கு டிரெஸர் பொட்டு? ஈரம் ஆவாதே" என்றான்.

"ஒரு நாள் விடு சூசை. சாமி காரியம்."

"உங்க சாமி எனக்கும் சேத்துப் பாக்கட்டும்" என்று சிரித்தான்.

கூட்டின் அடியில் நடுவில்தான் கேப் இருக்கிறது. அதைத் தட்டித்தான் தோட்டா வெடிக்கிறது. கேப்பைச் சுற்றி வார்னிஷ் தடவு என்று கையேட்டில் இருந்தது. வார்னிஷ் கிடைக்கவில்லை, விட்டுவிட்டோம். ஈயத்தின் குணத்தை இரண்டு வாரம் வாதாடியவன், மருந்தைத் தராசு முள் அசையாமல் நிறுத்தவன், இருபத்துநான்கு கேப்புகளின் மேலும் ஈரச் சந்தனத்தை அப்பி, தீர்த்தம் தெளித்து, மேகம் ஜன்னல் வழியே நுழைந்து போகும் மலையில் மறுநாள்வரை தொடாமல் வைத்தேன். மறுநாள் துடைத்தபோது சந்தனம் வைத்த மாதிரியே ஈரமாக இருந்தது. வைத்த கை எந்த நாட்டில் இருக்கிறது என்பதை மறந்துவிட்டது.

போட்டிக்கு எங்கள் இருவரையும் லாரியில் கூட்டிப்போனார்கள். ஆளுக்கு ஆறு குண்டு. எங்கள் துரை முறை வந்தது. முதல் மூன்றும் நடு வட்டத்தில். மற்ற அதிகாரிகள் தலையை அசைத்தார்கள். நான்காவது, க்ளிக். ஐந்தாவது, க்ளிக். ஆறாவதும் அப்படியே. யாரோ சிரித்தார்கள். சூசை என் பக்கம் திரும்பவே இல்லை. அவன் திரும்பித் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

துரை துப்பாக்கியை மடித்து வெடிக்காத தோட்டா ஒன்றை எடுத்தார். கேப்பின் விளிம்புப் பள்ளத்தில் மஞ்சளும் சிவப்புமாக மிச்சம். "அபா இனி?" இது என்ன என்று கேட்டார். நான் கைகூப்பிக் காட்டினேன். கருவிகள், வருஷத்துக்கு ஒரு நாள், வணக்கம் என்று தெரிந்த மலாய்ச் சொற்களை எல்லாம் கொட்டினேன். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் தோட்டாவை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். புரிந்துகொண்டாரா, அருவருத்தாரா, தெரியவில்லை.

போட்டி முடிந்த ஒன்பதாம் நாள் ஆள் ஏற்ற லாரி வந்தது. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி பெரட்டில் பன்னிரண்டு பெயர் படித்தார். நான்காவதாக வேறு பெயர் வந்தது. சூசை இல்லை. ரோசம்மா அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் மகிழ்ச்சியில் சூசையின் தோளைப் பிடித்தேன். கிராணி படித்துக்கொண்டே போனார். பன்னிரண்டாவது, மாடசாமி. சல்லடைப் பிரிவில் வேலை. பூஜைக்கு ரோலர் மெஷின் மாலையைக் கட்டியவன்.

"நான் பட்டியல்லயே இல்லையே கிராணி ஐயா?" என்றான் அவன், ஏதோ தப்பாகப் படித்துவிட்டார் என்பதுபோல. பெயர் மாறலாம், பன்னிரண்டு மாறாது. அந்த எளிய கணக்கை நான் போட்டுப் பார்த்திருக்கவில்லை. சூசை என் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டான்.

அந்த ரயில் பாதை அதே மாதம் இணைந்து முடிந்துவிட்டது என்று யுத்தத்துக்குப் பின் பத்திரிகையில் படித்தேன். அதற்குப் பிறகும் ஆள் அனுப்பிக்கொண்டேதான் இருந்தார்கள். மாடசாமி திரும்பவில்லை.

இன்றும் ஆயுத பூஜைக்குத் தராசை எடுத்து வைக்கிறேன். பொட்டு வைத்த கையோடு உலர்ந்த துணியால் துடைத்துவிடுகிறேன். ஊர் வழக்கப்படி அது பூஜை இல்லை. இந்த மலை வழக்கப்படி அது தேவையான காரியம். ஒரு தட்டில் அந்த வெடிக்காத தோட்டா இருக்கும். மற்றத் தட்டில் எதுவும் வைப்பதில்லை.

ஜப்பான்காரர்கள் சரணடைந்த பிறகு அந்தப் பட்டியலைக் கிராணி எனக்குக் காட்டினார். சூசையின் பெயர் மேல் ஒரு பென்சில் கோடு, பட்டியலின் கடைசியில் அதே பென்சிலில் மாடசாமி. கோட்டின் பக்கத்தில் தேதி இல்லை. அது போட்டிக்கு முன்பே, ஆறு குண்டும் சாஸருக்குள் விழுந்த அன்று போட்டதா, அல்லது பின்பு, பொட்டு வைத்த தோட்டாவை முகர்ந்த பிறகு போட்டதா? கிராணிக்கு நினைவில்லை. துரை எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது. நாட்குறிப்பை எத்தனை முறை புரட்டியும், அவர்கள் வருஷம், நம் வருஷம் என்ற இரண்டு கணக்கிலும், இந்த ஒரு தேதியை என்னால் உறுதி செய்ய முடியவில்லை.